சங்ககிரி எடை மேடையில் நான் அணைத்த சூடம்

போன மாதம் நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலை ஒன்றிலிருந்து போன் வந்தது. எடை போடும் அறையில் இன்னும் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறதாம். எடைப் பெட்டியின் கேபிளைச் செருகினால் பத்து நிமிஷத்தில் திரை அப்படியே நின்றுவிடுகிறதாம். "சீரியல் போர்ட் டிரைவர் கிராஷ் ஆகுதுங்க மேடம். இதெல்லாம் தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க" என்றார் பேசியவர். அந்த டப்பாவைத் தூக்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஐம்பதைத் தாண்டியும் அது குறையவில்லை.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, சும்மாதானே இருக்கிறாய், போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை அவரிடம் நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த போனுக்குப் பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன், அவர் படித்தால் படிக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். வீடு அம்மாபேட்டையில். எங்கள் சர்ச் பங்கில் படித்த பெண்கள் டீச்சராகவோ நர்ஸாகவோ போவார்கள்; நான் ஸ்குரூ டிரைவரும் கையுமாக பஸ் ஏறி சங்ககிரிக்கும் குமாரபாளையத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். இப்படி ஊர் சுற்றினால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கோ தலைக்கனம். எங்கள் முதலாளிக்கு கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுக்கத் தெரியும், புரோகிராம் எழுதத் தெரியாது. அது கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

சங்ககிரியில் நெடுஞ்சாலை ஓரம் ஓர் எடை மேடை இருந்தது. லாரி முழுதாக ஏறி நிற்கிற இரும்பு மேடை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அறையில் அலமாரியின் மேல் தட்டில் எடைப் பெட்டி. லாரி ஏறியதும் அதன் கண்ணாடியில் சிவப்பு எண்களில் எடை தெரியும். மேடைக்காரர் அதைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இனி கம்ப்யூட்டர் சீட்டுதான் வேண்டும் என்று தீவன ஆலைக்காரர்கள் கேட்கத் தொடங்கியதும் எங்கள் கடைக்கு வந்தார். பெட்டியின் பின்னால் ஒன்பது பின் கேபிளைச் செருகினால் போதும், அது எடையை ஒரு வரியாக எழுதி, விநாடிக்குப் பல தடவை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் பிடித்துத் திரையில் காட்டும் சின்ன புரோகிராமை நான் எழுதினேன். கம்ப்யூட்டர் பாஷையில் அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர். லாரி ஊரில் போய் நின்றுகொண்டு, டிரைவர் அடிக்கடி கிராஷ் ஆகிறது என்று முதல் வாரம் சொன்னேன். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து எந்த இடத்தில் ஆக்ஸிடென்ட் என்று விசாரித்தார்கள். அதற்குப் பிறகு போர்ட் புரோகிராம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கிராஷ் ஆனது என்னவோ நிஜம். லாரி மேடையில் நிற்கும், திரை செத்துப்போகும், கீபோர்டில் எதை அழுத்தினாலும் அசையாது. சுவிட்சை அணைத்துப் போட்டால் அது எழுந்து வர மூன்று நிமிஷம். அதற்குள் பின்னால் நிற்கிற வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் போய்விடும், ஹாரன் காதைப் பிளக்கும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை இப்படி. மேடைக்காரர் போன் போட்டு எங்கள் முதலாளியைத் திட்டுவார், முதலாளி என்னைத் திட்டுவார், நான் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சேருவேன்.

கேபிளை மாற்றினேன். போர்ட் கார்டை மாற்றினேன். எடைப் பெட்டி வரி அனுப்பும் வேகத்தைக் குறைத்தேன். கம்ப்யூட்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சேலம் வந்து கடையில் போட்டுப் பார்த்தால் நாள் முழுக்க சமர்த்தாக ஓடும். திரும்பச் சங்ககிரியில் வைத்த அன்றைக்கே படுத்துவிடும். கடைசியில் ஒரு நாள் அறையில் மூலையில் உட்கார்ந்து, மேடைக்காரர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வராத நேரத்தில் மனிதர் மவுஸை வைத்துப் படம் போட்டுப் பழகுகிறார். நான் அதைத் தொடுவதே இல்லை என்று இரண்டு வாரமாகச் சாதித்தவர் அவர்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு போர்ட்டும், என்னிடம் சேதி வந்திருக்கிறது என்று மூளையைக் கூப்பிட ஒரு கம்பி வைத்திருக்கும். முதல் போர்ட்டுக்கும் மூன்றாம் போர்ட்டுக்கும் ஒரே கம்பி. ஒரே காலிங் பெல்லை இரண்டு குடித்தனம் வைத்துக்கொண்டது மாதிரி. முதல் போர்ட்டில் மவுஸ், மூன்றாவதில் எடைப் பெட்டி. இரண்டும் சேர்ந்து அடித்தால் யாருக்குக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் எல்லாம் நின்றுவிடும். அந்த மவுஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஐந்து கிராஷ் ஒன்றானது.

அந்த ஒன்றுதான் என்னை ஆட்டி வைத்தது. பெட்டி அனுப்புகிற வரிகளையெல்லாம் ஒரு ஃபைலில் பிடித்து வைத்துப் பார்த்தேன். ஒழுங்கான வரிக்கு ஒரு தொடக்கக் குறி, நடுவில் எடை, ஒரு முடிவுக் குறி இருக்க வேண்டும். இடையிடையே சில வரிகள் பாதி வெட்டுப்பட்டு, கன்னாபின்னா எழுத்துகளோடு வந்தன. என் புரோகிராம் முடிவுக் குறி வரும் வரும் என்று காத்துக்கொண்டு, வந்ததையெல்லாம் அடுக்கி, தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி, கம்ப்யூட்டரையே கவிழ்த்திருக்கிறது. வழி சுலபம். உடைந்த வரியைத் தூக்கிப் போடு. அடுத்த நல்ல வரி வரும் வரைக்கும் கடைசியாக வந்த நல்ல எடையையே திரையில் வைத்திரு. நாலே வரி எழுதினேன். கிராஷ் அடியோடு நின்றது.

வரி ஏன் உடைந்து வருகிறது என்று நான் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும் என்று அன்றைக்கே தெரியும். குமாரபாளையத்தில் ஒரு வேலை காத்திருந்தது, முதலாளி அவசரப்படுத்தினார், வண்டி வரிசை தடையில்லாமல் ஓடியது. இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம். உண்மையான காரணம், ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்புதான்.

மேடைக்காரர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வருகிற போகிற டிரைவர்களிடமெல்லாம், இந்த அம்மணிதான் எழுதினது என்று காட்டுவார். அவர் கண்ணுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று திரையில் எடையை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அலமாரி மேலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டர், பிரிண்டர், எடைப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார். பெட்டிக்குப் பூசின சந்தனம் நேராகச் சிவப்பு எண் தெரிகிற கண்ணாடி மேலேயே பட்டையாக விழுந்திருந்தது. மாலையைக் கழற்றினாரே தவிர பூஜைப் பொட்டை அவர் துடைக்கவில்லை. அது தானாக உதிர வேண்டும் என்பது அவர் வழக்கம். பூஜைக்குப் பிறகு போனபோது நானும் பார்த்தேன். துடைக்கலாமா என்று கை போனது. வேதக்காரப் பெண் சாமிப் பொட்டை அழித்தாள் என்று நினைத்துவிடுவாரோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எடையில் தகராறு, உடனே வா என்று போன். போய் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. மேடை அறைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். நடுவில் லாரி உரிமையாளர் ஒருவர், அவருடைய டிரைவர். உரிமையாளருக்கு இரண்டே வண்டிகள். அதில் ஒன்றைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவர் இந்த டிரைவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள்.

விஷயம் இதுதான். கர்நாடகாவிலிருந்து மக்காச்சோளம் மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றி வந்திருக்கிறார். வியாழக்கிழமை எங்கள் மேடையில் எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, நாமக்கல் ஆலையில் போய்ச் சரக்கைக் கொட்டியிருக்கிறார். ஏற்றின இடத்துச் சீட்டையும் எங்கள் சீட்டையும் வைத்துப் பார்த்தால் அறுநூறு கிலோ குறைகிறது. சோளம் குழிக்குள் போய் மற்றச் சோளத்தோடு கலந்துவிட்டது, திரும்ப எடை போட வழியில்லை. வழியில் இறக்கி விற்றுவிட்டார் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். லாரித் தொழிலில் லோடு திருடன் என்று ஒரு தடவை பேர் வந்தால் போதும், அதற்குப் பிறகு சங்ககிரியில் ஒருவரும் அவர் கையில் சாவி கொடுக்க மாட்டார்கள். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் சத்தம் போடவில்லை. தார்ப்பாய் முடிச்சு, லோடு ஏற்றின இடத்தில் போட்ட முடிச்சு, ஆலையில் அவிழ்க்கிற வரைக்கும் கலையவில்லை, அவிழ்த்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டு கையில் இருக்கும்போது முடிச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

நான் சோதித்துப் பார்த்தேன். ஒரு காலி வண்டி, இரண்டு லோடு வண்டி. அதே வண்டிகளை ஊருக்குள் இன்னொரு மேடைக்கு அனுப்பி எடை போட்டு வரச் சொன்னேன். பத்து கிலோ இப்படி அப்படி இல்லை. மேடைக்குப் பக்கத்திலேயே லாரி பாடி கட்டுகிற பட்டறை ஒன்று உண்டு, எந்நேரமும் வெல்டிங் நடக்கும். பட்டறைக்காரர் பாய்; வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நல்லவேளை, இரைச்சல் இல்லாமல் வேலை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எடை சரியாகத்தான் இருக்கிறது என்று வெளியே வந்து சொன்னேன். அப்போதுதான் டிரைவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, பொட்டி தப்பே பண்ணாதுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நக்கல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு சுருக்கென்றது. மூன்று மாதம் பஸ்ஸில் இடிபட்டுச் சரி செய்த வேலையை, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத ஆள் குறை சொல்வதா என்று ஏறிவிட்டது.

"பொட்டிக்குத் திருடத் தெரியாது" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

டிரைவர் முகம் செத்துப்போனது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு முனியப்பன் இருக்கிறார், வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிற சாமி. சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று அவரே சொன்னார். எல்லோரும் அங்கே போனோம். சூடத்தை ஏற்றி, தான் ஒரு சோள மணி எடுத்திருந்தாலும் இந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தார். அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. உரிமையாளர் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருப்பார்.

மேடைக்காரருக்குத்தான் பகீரென்றது. டிரைவர் எடுக்கவில்லை என்றால் மேடை தப்பு என்று ஆகிறது. நாளைக்கே வரிசை வேறு மேடைக்குப் போய்விடும். "அப்ப அம்மணியும் அணைக்கட்டும்" என்றார்.

வேண்டாம், அவர்கள் வேதக்காரர்கள் என்று உரிமையாளரே தடுத்தார். நான் தப்பித்துக்கொள்ள அது போதும். மரியாதையாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பயந்துவிட்டாள் என்று ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது. ஒரு கட்டிச் சூடத்தை எடுத்து வைத்துக் கொளுத்தச் சொன்னேன். என் புரோகிராமில் தப்பு இல்லை என்று சொல்லி அணைத்தேன். உள்ளங்கையில் சின்னதாகக் கொப்புளம் வந்தது, அவ்வளவுதான்.

உரிமையாளர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். டிரைவர் சாவியைக் கொடுத்தார். வண்டியில் ஏறிப் போர்வையையும் தண்ணீர் கேனையும் எடுத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

மூன்று வாரம் கழித்து, பிரிண்டரில் ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டறையில் நீளமாக வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியே நீல வெளிச்சம் அறைச் சுவரில் அடித்தது. நான் ரிப்பனைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். ஒரு லோடு வண்டி எடை போட்டுவிட்டு இறங்கிப் போனது. மேடை காலி. திரையில் எண் மாறவில்லை. அடுத்த வண்டி ஏறியது. அப்போதும் அதே எண். மேடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இன்னும் முன்னால் வா என்று கத்திக்கொண்டிருந்தார். கத்தி முடித்துத் திரும்பி, திரையைப் பார்த்து, சீட்டடிக்க விரலைக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

நாற்காலி மேல் ஏறி, பெட்டிக் கண்ணாடியில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தைத் துப்பட்டாவால் துடைத்தேன். சிவப்பு எண் வேறு. திரையில் இருந்த எண்ணுக்கும் அதற்கும் ஆயிரம் கிலோவுக்கு மேல் வித்தியாசம். பட்டறையில் வெல்டிங்கை நிறுத்தினார்கள். திரை ஒரு துள்ளுத் துள்ளி, பெட்டியின் எண்ணுக்கு வந்து நின்றது.

பட்டறையின் வெல்டிங்தான் கேபிளில் புகுந்து வரிகளை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முன்பாவது கம்ப்யூட்டர் கவிழ்ந்து, ஏதோ கோளாறு என்று ஊருக்கே தெரிந்தது. நான் எழுதின நாலு வரி அதன் வாயைக் கட்டிவிட்டது. வெல்டிங் நீளமாக ஓடும்போதெல்லாம் முன்னால் போன வண்டியின் எடையை அடுத்த வண்டிக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வியாழக்கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அவருடைய வண்டியும் அதற்கு முந்தைய வண்டியும் ஒரு கிலோ மாறாமல் ஒரே எடை. வெள்ளிக்கிழமையே இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. வண்டிகளை ஏற்றி இறக்கிச் சோதித்தவள், இதைத் திறக்கவில்லை.

மேடைக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி பண்ணிப்போட்டுக் கம்முனு போயிருங்க அம்மணி. வெளிய தெரிஞ்சா இந்த மேடையில எவன் வண்டி ஏத்துவான்?" என்றார். சேலம் வந்து முதலாளியிடம் சொன்னேன். அவரும் வேறு வார்த்தையில் அதையே சொன்னார். புரோகிராமைத் திருத்தினேன். இரண்டு விநாடி நல்ல வரி வராவிட்டால் எடை வரவில்லை என்று திரையில் காட்டும், சீட்டு அடிக்காது. அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்யவில்லை. சாமியாரிடம் சொன்னால், போய் அந்த மனிதரிடம் சொல் என்பார். அது எனக்கே தெரிந்ததுதானே.

பத்தாம் நாள் சங்ககிரிக்குப் போய் லாரி உரிமையாளரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "அன்னைக்கு நாந்தான் வேண்டாம்னு சொன்னேனே, எதுக்குங்க அணைச்சீங்க?"

பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவரின் சத்தியத்தை நம்பியிருப்பேன், உங்கள் கையைப் பார்த்துத்தான் மனசு மாறியது என்றார். டிரைவர் ஊரில் இல்லையாம். யாரும் வேலை கொடுக்காததால் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி, போர்வெல் போட வடக்கே போய்விட்டாராம். ரிக்கில் போனால் ஊர் திரும்ப ஆறு மாதமும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். அவர் மனைவி திருச்செங்கோடு போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார், டிரைவர் திரும்பி வந்தால் வண்டி அவருக்குத்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று எழுந்திருக்கவில்லை.

நான் தனியாகப் போனேன். தறிக்கு நூல் சுற்றுகிற ராட்டையை ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. எடை மேடை கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்றதும் ராட்டையை நிறுத்தினார். "சூடம் அணைச்சது நீங்களுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சொன்னதில் வெல்டிங், வரி, புரோகிராம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு எடுக்கலீங்களா?"

எடுக்கவில்லை என்றேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

"எங்கிட்டயும் எடுக்கலைன்னுதான் சொன்னாருங்க. மொதல்ல நம்புனேன். அப்பறம், படிச்ச புள்ள ஒண்ணு, வேதக்காரப் புள்ள, நம்ம சாமி முன்னால சூடம் அணைச்சுச்சுன்னு சொன்னாங்க. அதுக்குப் பொய் சொல்லி என்ன ஆகோணும்னு நெனச்சுப்போட்டேனுங்க. எங்க எறக்குனீங்க, யாருக்குக் குடுத்தீங்கன்னு தெனமும் கேட்டேன். கடைசியில அவரு பேசறதையே உட்டுட்டாரு. பையத் தூக்கிட்டுக் கெளம்புனப்ப நான் ராட்டைய உட்டு எந்திரிக்கக்கூட இல்லீங்க."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அழாதே என்று சொல்லவில்லை.

ரிக் எந்த ஊரில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. திருச்செங்கோட்டில் ரிக் முதலாளியின் ஆபீஸில் கடிதம் கொடுத்தால் ரிக்குக்குச் சாமான் கொண்டுபோகிற வண்டியில் அனுப்பிவிடுவார்களாம். நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். என் பையிலிருந்த நோட்டில் தாளைக் கிழித்து எழுதினேன். எடை தப்பு, அது என் வேலையில் வந்த தப்பு, நான் அணைத்த சூடம் பொய்ச் சூடம், நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், லாரி உரிமையாளர் கூப்பிடுகிறார் என்று எல்லாம் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, உங்கள் பேரில் என்ன எழுதட்டும், நீங்கள் இப்போது நம்புகிறீர்கள் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

ராட்டையில் நின்றுபோன நூலை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார்.

"வரச் சொல்லி எழுதுங்க. நம்பறேன்னு மட்டும் எழுத வேண்டாம். நீங்களே வந்து சொன்னதுக்கப்பறம் நம்பறதுல என்னங்க இருக்குது?" என்றார்.

வரச் சொன்னதை மட்டும் எழுதி, தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.